32 அங்குல ரீவி, 4ஜி ரவுட்டர், நாடகம் பார்க்கும் மாமி: எந்தப் பெட்டி வாங்கலாம்?

தையல்கடை_விசுவமடு

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு ரீவிக்கு, இணையத்தில் படம் பார்க்க ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டி வாங்க வேண்டும். கடையில் கேட்டால் அவரவர் தங்களிடம் மிஞ்சிக் கிடப்பதைத்தான் நல்லது என்கிறார்கள். அதனால் இங்கே கேட்கிறேன்.

முதலில் வீட்டு நிலவரம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே திரும்பும் கிரவல் ஒழுங்கையில் இருக்கிறோம். ஃபைபர் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை, வரும் என்ற பேச்சும் இல்லை. 4ஜி ரவுட்டர் ஒன்று இருக்கிறது. அதை அலுமாரிக்கு மேலே, யன்னலோடு ஒட்டி வைத்தால் மூன்று கோடு காட்டும். ரீவிக்குப் பக்கத்தில் கொண்டு வந்தால் ஒன்றுதான். மாதம் 100 ஜிபி, அதற்கு மேல் நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்க இன்னொரு 100 ஜிபி. அந்த இரவு டேட்டா முக்கால்வாசி வீணாகத்தான் போகிறது. யார் விழித்திருந்து பார்ப்பது?

ரீவி 32 அங்குலம், ஸ்மார்ட் இல்லை. பின்னால் இரண்டு எச்டிஎம்ஐ துளை, ஒரு யூஎஸ்பி. இப்போது டிஷ் பூட்டியிருக்கிறோம். மழை இருட்டினாலே படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பார்ப்பது நாலைந்து சனல், காசு கட்டுவது நூறு சனலுக்கு.

பார்ப்பவர்களையும் சொல்லிவிடுகிறேன். மாமிக்கு நாடகமும் கோயில் திருவிழாக்களும். இவர் சாப்பிடும் நேரம் மட்டும் வந்து குந்துவார், செய்தி, இல்லையென்றால் கிரிக்கெட். மகன் உயர்தரம் படிக்கிறான், ஆங்கிலத் தொடர் பார்க்க வேண்டுமாம். ஆங்கிலம் பழகத்தான் என்கிறான், சரி என்று நம்பியிருக்கிறேன். நான் பார்ப்பதை விடக் கேட்பதுதான் அதிகம். மெஷினில் இருக்கும்போது பக்கத்தில் யாராவது கதைத்துக்கொண்டிருந்தால் போதும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் இடையில் நின்று சுற்றக் கூடாது. அது சுற்றத் தொடங்கினால் என் காலும் மிதிப்பதை நிறுத்தி விடும், தையல் கோணிக்கொண்டு போகும்.

20 ஆயிரம் ரூபாய்க்குள் எது வாங்கலாம்? ரீவியில் நேரே செருகும் ஸ்டிக்கா, வயரில் கொளுவும் பெட்டியா? மாதக் காசு கட்டும் சேவைகளில் எங்கள் நாட்டில் உண்மையிலேயே வேலை செய்வது எது? கனடாவில் இருக்கும் தம்பி தன்னுடைய நெட்ஃபிளிக்ஸ் பாஸ்வேர்டைத் தருகிறேன் என்கிறான், அது சரிவருமா? டிஷ்ஷை நிறுத்தலாமா, வேண்டாமா என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. மாமி எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

---

பரந்தன்_றிப்பெயர்

அக்கா, பரந்தனில் ரீவி, ரேடியோ திருத்துகிற ஆள் நான். பெட்டி விற்பதில்லை, உடைந்து வருவதைத்தான் பார்க்கிறேன், ஆகவே யாருக்காகவும் கதைக்கவில்லை.

உங்கள் ரீவி ஸ்மார்ட் இல்லாத 32 அங்குலம் என்றால் திரை பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிதான். அதைவிடப் பல மடங்கு தெளிவான 4கே படத்தைக் கொடுத்தாலும் அது காட்டப் போவதில்லை. அதற்காக 4கே பெட்டி வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். மலிவான 1080 தர ஸ்டிக்குகள் பலவற்றில் ரேம் என்ற வேலை நினைவகம் 1 ஜிபிதான். புதுசில் நன்றாக ஓடும், கொஞ்ச நாளில் ரிமோட்டை அமத்திவிட்டுக் காத்திருக்க வேண்டி வரும். ஷாவ்மி ரீவி பொக்ஸ் எஸ் இரண்டாம் தலைமுறையிலும், ஷாவ்மியின் 4கே ஸ்டிக்கிலும் 2 ஜிபி ரேம் இருக்கிறது. 4கே என்ற எழுத்துக்கு இல்லாமல் அந்த ரேமுக்காக வாங்குங்கள்.

இரண்டில் எது என்றால் பெட்டி. அதில் பென் டிரைவ் செருக யூஎஸ்பி துளை இருக்கிறது, ஸ்டிக்கில் கரண்ட் வயருக்கு மட்டும்தான் துளை. கலியாண வீடியோ, ஊர்க் கோயில் பொங்கல் வீடியோ எல்லாம் ஒரு சதம் டேட்டா இல்லாமல் பார்க்கலாம். விஎல்சி ஆப்பை இறக்கிக்கொண்டால் பெரும்பாலான வகைக் கோப்புகள் ஓடும்.

அமேசானின் ஃபயர் ரீவி ஸ்டிக் கெட்ட சாமான் இல்லை, ஆனால் இங்கே கிடைப்பது பெரும்பாலும் யாரோ வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்தது. பழுதானால் உத்தரவாதம் கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டும். அதில் கூகுள் பிளே ஸ்டோரும் இல்லை. கூகுளின் குரோம்காஸ்டை 2024 ஓகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த கூகுள் ரீவி ஸ்ட்ரீமர் நல்ல சாமான், 4 ஜிபி ரேம், 32 ஜிபி இடம், லேன் வயர் செருகத் துளையும் உண்டு. உங்கள் கணக்குக்கு அது தேவையில்லை.

இனி நான் சத்தம் போட்டுச் சொல்ல விரும்புவது. "ஆயிரம் சனல் சும்மா, எல்லாப் படமும் சும்மா" என்று சொல்லி விற்கும் பெயர் தெரியாத ஆன்ட்ராய்ட் பெட்டியை வீட்டுக்குள் விடாதீர்கள். கொம்பனியிலேயே களவு மென்பொருள் ஏற்றி வருபவை அவற்றில் உண்டு. பட்பொக்ஸ் 2.0 என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐ எச்சரிக்கை விட்டது, அடுத்த மாதம் கூகுள் வழக்குப் போட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் அதில் அகப்பட்டிருந்தன. உங்கள் வீட்டு இணையத்தை உங்களுக்குத் தெரியாமலே வேறு ஆட்கள் பாவிப்பார்கள். மாதம் 100 ஜிபி வைத்திருக்கிற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய கேடு என்று யோசியுங்கள். காசு கட்டி நெட்ஃபிளிக்ஸ் எடுத்தாலும் அந்தப் பெட்டிகளில் படம் தெளிவாக வராது. வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்பும் நெட்ஃபிளிக்ஸின் அங்கீகாரமும் இருந்தால்தான் எச்டி தருவார்கள்.

கடையிலேயே பெட்டியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிளே ஸ்டோருக்குள் போய், செட்டிங்ஸில் "அபவுட்" பகுதியைத் திறந்தால் கூகுளின் பிளே புரொடெக்ட் சான்று இருக்கிறதா என்று தெரியும். காட்ட மாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

கரண்ட் விசயம்: ஸ்டிக் வாங்கினாலும் பெட்டி வாங்கினாலும் ரீவியின் யூஎஸ்பி துளையில் இருந்து கரண்ட் எடுக்காதீர்கள். பழைய ரீவிகளில் அது அரை அம்பியர்தான் தரும், இவை ஒரு அம்பியராவது கேட்கும். படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்து அணைந்து எரியும். "பெட்டி பழுது" என்று என்னிடம் கொண்டு வந்த சில, வேறு அடாப்டர் போட்டவுடன் சுகமாகிவிட்டன.

---

ஸ்காபரோ_முள்ளியவளை

தங்கச்சி, தம்பியின் பாஸ்வேர்ட் கதையை விட்டுவிடுங்கள். நானும் முள்ளியவளையில் அம்மாவுக்கு அதைச் செய்துதான் பார்த்தேன். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு "இந்த ரீவி உங்கள் நெட்ஃபிளிக்ஸ் வீட்டில் இல்லை" என்று வந்து நின்றுவிட்டது. 2023இல் இருந்து ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று இறுக்கிவிட்டார்கள். மேலதிகக் காசு கட்டி வெளி ஆள் ஒருவரைச் சேர்க்கிற வசதி இருக்கிறதுதான், ஆனால் அந்த ஆளும் கணக்குக்காரர் இருக்கும் நாட்டிலேயே இருக்க வேண்டும். கனடாக் கணக்கில் விசுவமடுவைச் சேர்க்க முடியாது.

தம்பிக்கு உதவ விருப்பம் என்றால் பெட்டிக்குக் காசு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே இருந்து பெட்டி வாங்கி அனுப்பும் ஆட்களும் இருக்கிறார்கள். கனடா பிளக் உங்கள் சுவரில் ஏறாது, பழுதானால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அங்கேயே வாங்குவதுதான் புத்தி.

---

நெடுங்கேணி_பெரியப்பா

பிள்ளை, எல்லாரும் டிஷ்ஷை ஒரேயடியாகக் கழட்டச் சொல்லப் போகிறார்கள், அதுக்கு முதல் நான் ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். டிஷ்ஷுக்கு டேட்டா இல்லை. மாமி பகல் முழுக்க ரீவியைப் போட்டுவிட்டு நித்திரை கொண்டாலும் மாதக் காசு ஒன்றுதான். பெட்டியில அப்பிடி நித்திரை கொண்டால் மாதம் முடியிறதுக்கு முதல் 100 ஜிபியும் முடிஞ்சு போகும்.

செய்திக்கு எண்டால் பழைய அன்ரெனாவையும் எறியாதேங்கோ. சக்தி, வசந்தம் எல்லாம் காற்றில் சும்மா வாறது. எங்கட பக்கம் உயர்ந்த கம்பத்தில கட்டினால் பிடிக்குது. குரங்குதான் வந்து திருப்பிப் போட்டிட்டுப் போகும்.

---

மல்லாவி_ரீச்சர்

பெரியப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு பயப்படவும் தேவையில்லை.

நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லும் அளவு இது: மிகக் குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7 ஜிபி, எச்டியில் 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை. நாளுக்கு இரண்டு மணி நேரம் நடுத்தரத்தில் பார்த்தால் மாதம் 42 ஜிபி. அதையே எச்டியில் பார்த்தால் 180 ஜிபிக்குப் போகலாம், உங்கள் பகல் டேட்டா மாதத்தின் பாதியிலேயே முடிந்துவிடும். ஆகவே பெட்டி வாங்கிய அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை, போனில் நெட்ஃபிளிக்ஸ் கணக்குப் பக்கத்துக்குப் போய், ஒவ்வொருவரின் புரொஃபைலிலும் டேட்டா அளவை "நடுத்தரம்" என்று மாற்றி வைப்பது. ரீவியில் தேடாதீர்கள், அது கணக்குப் பக்கத்தில்தான் இருக்கும். 32 அங்குலத்தில் மாமி வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டா. அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியையும் அங்கேயே நிறுத்தலாம், பெரியப்பா சொன்ன நித்திரைப் பிரச்சினை அதோடு பாதி தீரும்.

ஜிபி வேறு, வேகம் வேறு. குளம் நிரம்பி வழிந்தாலும் வாய்க்கால் அகலத்துக்குத்தான் வயலுக்குத் தண்ணீர் வரும். 720 தரத்துக்கு நொடிக்கு 3 மெகாபிட், 1080க்கு 5, 4கேக்கு 15 வேண்டும். ஃபாஸ்ட் டொட் கொம் என்று போனில் அடித்தால் உங்கள் வேகத்தைக் காட்டும், நெட்ஃபிளிக்ஸே நடத்துகிற தளம் அது. பின்னேரம் ஏழு, எட்டு மணிக்கு ஒரு தடவை பாருங்கள். பகல் 11 மணிக்குப் பார்த்துவிட்டுச் சந்தோசப்பட வேண்டாம்.

சேவைகள் பற்றி. எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டுக்குக் காசு கட்டுவதில்லை. ஒரு மாதம் ஒன்று, பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்தால் நிறுத்திவிட்டு அடுத்த மாதம் மற்றது. நிறுத்தினாலும் கட்டிய மாதம் முடியும் வரை ஓடும். நெட்ஃபிளிக்ஸ் பத்து மாதம் வரை உங்கள் புரொஃபைலை வைத்திருக்கும், திரும்பி வந்தால் விட்ட இடத்தில் இருந்து பார்க்கலாம். காசு டொலரில் வெட்டும், ஆகவே டொலர் ஏறும் மாதம் உங்கள் ரூபாய்க் கணக்கும் ஏறும். வங்கிக் கார்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்க வேண்டும், பூட்டியிருந்தால் வங்கிக்குச் சொல்லித் திறக்கலாம்.

திட்டம் எடுக்கும்போது "மொபைல்" என்று மலிவாக ஒன்றைக் கண்டால் ஏமாறாதீர்கள். அது போனிலும் டப்லட்டிலும் மட்டும்தான், ரீவியில் ஓடாது. போனில் இருந்து ரீவிக்கு எறிந்து (காஸ்ட் பண்ணி) பார்க்கலாம் என்று மகன் சொல்வான். ரிமோட் உள்ள பெரும்பாலான பெட்டிகளுக்கு அந்த வசதியை நெட்ஃபிளிக்ஸ் 2025 கடைசியில் நிறுத்திவிட்டது. ரீவியில் ஓடும் திட்டங்களில் விலை குறைந்ததை எடுங்கள், உங்கள் திரைக்கு அது தாராளம்.

மகனுக்கு நெட்ஃபிளிக்ஸ். ஆங்கில எழுத்தைக் கீழே ஓட விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அப்போதுதான் "ஆங்கிலம் பழக" என்ற சாட்டு கொஞ்சமாவது உண்மையாகும். தமிழ்ப் படத்துக்கு அமேசான் பிரைம் வீடியோ நல்லது. 2016 கடைசியில் இருந்து எங்கள் நாட்டிலும் எடுக்கலாம். ஆனால் இந்தியாவில் இருப்பதெல்லாம் இங்கே இருக்காது. சில படங்களை அமத்தினால் உங்கள் இடத்தில் இல்லை என்று வரும்.

இந்திய நாடகத் தளங்களுக்குக் காசு கட்ட முதல் கவனம். ஹொட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பெப்ரவரியில் சேர்ந்து ஜியோஹொட்ஸ்டார் ஆனது, அது முக்கியமாக இந்தியாவுக்கென்று நடத்துவது. மற்றத் தளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டுக்கு ஒவ்வொரு விதம். போனில் ஆப்பை இறக்கி, காசு கட்டாமல் எவ்வளவு தூரம் உள்ளே விடுகிறது, மாமியின் நாடகத்தின் முதல் பகுதியாவது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கார்டை எடுங்கள். வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் விபிஎன் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்பவர்கள் ஃபைபர் வீட்டில் இருப்பவர்கள். அந்தத் தளங்களின் விதிக்கும் அது எதிர், உங்கள் 4ஜி வேகத்தையும் அது இன்னும் குறைக்கும்.

மாமிக்கு முதலில் யூடியூப்பே போதும் என்று நினைக்கிறேன். பழைய நாடகங்களைத் தயாரித்தவர்களே முழுதாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். கோயில் திருவிழா நேரலைக்கும் குறைவில்லை. படத்தரத்தை 480இல் வைத்துவிடுங்கள்.

---

தையல்கடை_விசுவமடு

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர் சொன்னபடி வேகம் பார்த்தேன். காலையில் 18, மத்தியானம் 14, பின்னேரம் ஏழரைக்கு 4. ஏழரைதான் ஊர் முழுக்க போனைப் பிடித்துக்கொண்டு இருக்கும் நேரம், அதுதான் மாமியின் நாடக நேரமும்.

அதனால் நான் யோசித்தது இது. டிஷ்ஷை இப்போதைக்கு வைத்திருக்கிறோம், ஆனால் பெரிய பைக்கேஜில் இருந்து சின்னதுக்கு இறங்குகிறோம். பின்னேர நாடகம் அதில். காலையிலும் மத்தியானமும் வேகம் இருக்கிறது, நான் தைக்கும் நேரமும் அதுதான், அப்போது பெட்டி எனக்கு. மாமிக்கு இதைச் சொன்னேன். "உன்ர பெட்டியில பழைய நாடகம் வருமெண்டால் நானும் பகலில வந்து இருப்பன்" என்கிறா. கட்சி மாறிவிட்டா போல் இருக்கிறது.

இரவு டேட்டாவை நள்ளிரவில் இறக்கி வைத்துப் பகலில் ரீவியில் பார்க்கலாமா? அப்படி முடிந்தால் 100 ஜிபி வீணாகாது. ரவுட்டர் யன்னலில், ரீவி அடுத்த அறையில், நடுவில் சீமெந்துக் கல் சுவர். இது சரிவருமா?

---

பரந்தன்_றிப்பெயர்

அக்கா, ரவுட்டரை அசைக்க வேண்டாம். ரவுட்டருக்கு வெளிச் சிக்னல்தான் முக்கியம். வைஃபையில் 2.4, 5 என்று இரண்டு பெயர் காட்டினால் பெட்டியை 2.4இல் இணையுங்கள். 5 வேகம் கூட, ஆனால் சுவர் தாண்டப் பஞ்சிப்படும். உங்களுக்கு வருவதே 18 என்றால் 2.4 தாராளமாகத் தாங்கும்.

இரவில் இறக்குவது: நெட்ஃபிளிக்ஸ் ரீவிப் பெட்டியில் இறக்க விடாது, போன், டப்லட்டில் மட்டும்தான். இறக்கியதைப் பெரிய திரைக்கு எறியவும் விடாது. ஆகவே மகன் தன்னுடைய தொடரைப் போனில் இரவு இறக்கி, பகலில் போனிலேயே பார்க்கட்டும். உங்கள் பகல் டேட்டா மிஞ்சும், ரீவிக்கும் சண்டை இல்லை. இறக்குவதற்கு அவன் நித்திரை முழிக்கத் தேவையில்லை. விடிய எழும்பிப் படிக்கிற பிள்ளை என்றால் இரவு டேட்டா முடிகிற நேரத்துக்கு முதல் அமத்திவிட்டால் சரி.

யூடியூப்புக்கு மட்டும் என்று போன் கொம்பனிகள் விற்கும் பைக்கேஜ் உங்கள் ரவுட்டர் சிம்முக்குப் போடலாமா என்று கேட்டுவிட்டு ரீலோட் பண்ணுங்கள். சிலது போன் சிம்முக்கு மட்டும்.

---

ஸ்காபரோ_முள்ளியவளை

செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்துவிட்டதே, அதைப் போட்டால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லையே?

---

பரந்தன்_றிப்பெயர்

அண்ணை, 2025 ஜூலையில் வந்ததுதான். மரம் மறைக்காத வானம் வேண்டும், நாள் முழுக்கக் கரண்ட் வேண்டும், மாதக் காசு தையல் கூலியில் கட்டுகிற அளவு இல்லை. ஒழுங்கையில் நாலு வீடு சேர்ந்து யோசிக்கிற விசயம் அது. நீங்கள் கட்டுவதென்றால் சொல்லுங்கள், கூரையில் ஏறிப் பூட்ட நான் வருகிறேன்.

---

தையல்கடை_விசுவமடு

சரி, ஷாவ்மி பெட்டிதான். சான்று பார்த்துத்தான் வாங்குவேன். முதல் மாதம் யூடியூப் மட்டும், மகனுடைய தவணைப் பரீட்சை முடியட்டும், பிறகு நெட்ஃபிளிக்ஸ். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. இங்கே கரண்ட் ஒரு நிமிடம் போய் வந்தாலும் ரவுட்டர் திரும்ப எழும்பிச் சிக்னல் பிடிக்க நேரம் எடுக்கிறது. அதற்கு மட்டும் சின்ன யூபிஎஸ் ஒன்று கடையில் கண்டேன். வாங்கலாமா? ரவுட்டர் அடாப்டரில் 12வி, 1ஏ என்று அடித்திருக்கிறது.

---

பரந்தன்_றிப்பெயர்

வாங்கலாம். 12 வோல்ட், 1 அம்பியரோ அதற்குக் கூடவோ தரும் எந்த மினி யூபிஎஸ்ஸும் சரி. சிலதில் 9 வோல்ட் துளையும் 5 வோல்ட் துளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், மாறிச் செருகாதீர்கள். ரீவியையும் பெட்டியையும் அதில் கொளுவ வேண்டாம், தாங்காது.

வானம் இருட்டி இடி வரப் போகிறது என்று தெரிந்தவுடனேயே ரீவி, பெட்டி, ரவுட்டர் மூன்றின் பிளக்கையும் சுவரில் இருந்து இழுத்துவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. டிஷ் வயரையும் டிஷ் பெட்டியின் பின்னால் கழட்டுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் என் மேசையில் வந்து குவிவதில் பாதி அந்த வயர் வழியாக மின்னல் இறங்கியவைதான்.